நாற்பது டிகிரி கிறிஸ்துமஸுக்கு வெபர் கியூ: வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்து முதல் கிறிஸ்துமஸைப் பார்க்கப்போகும் குடும்பம் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்றால், மூடி போட்டு ரோஸ்ட் செய்யக்கூடிய ஒரு கேஸ் பார்பிக்யூவுக்கு ஒதுக்கலாம். அந்த வகையில் வெபர் கியூ 2000 வரிசை நான்கிலிருந்து எட்டுப் பேர் சாப்பிடும் வீட்டுக்குச் சரியான அளவு. வாங்கும்போது உயரமான மூடியும், மூடியிலேயே வெப்பமானியும் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் பெட்டியைப் பிரித்து அப்படியே பண்டிகைச் சமையலை அதில் ஏற்றிவிட முடியாது. சில உதிரிகள் வேண்டும், சில பழக்கங்கள் மாற வேண்டும்.

லண்டனிலும் டொராண்டோவிலும் பல ஆண்டு இருந்துவிட்டு சிட்னிக்கோ மெல்போர்னுக்கோ வருபவர்கள் முதல் வருஷம் பெரும்பாலும் பழைய திட்டத்தையே கையில் எடுக்கிறார்கள்: காலையில் ஓவனைப் போட்டு, வான்கோழியை உள்ளே தள்ளி, நான்கு மணி நேரம் கழித்து உருளைக்கிழங்கு, அதற்குப் பிறகு புட்டிங். அங்கே அந்த ஓவன் வீட்டுக்குக் கதகதப்புக் கொடுத்தது. இங்கே அதே ஓவன்தான் பண்டிகையைக் கெடுக்கிறது. 2021 கிறிஸ்துமஸ் அன்று பெர்த்தில் 42.8 டிகிரி அடித்தது. மெல்போர்னில் டிசம்பர் பொதுவாக மிதமான மாதம்தான். வடக்குக் காற்று திரும்பினால் மட்டும் ஒரே நாளில் நாற்பதைத் தொடும். பழைய வாடகை வீடுகளில் சுவருக்குள் வெப்பத் தடுப்பு குறைவு, ஏசி பெரும்பாலும் கூடத்தில் ஒன்றுதான். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு மூன்று கிலோவாட் ஓவன் அரை நாள் எரிந்தால், ராத்திரி படுக்கும்வரை அந்தச் சூடு இறங்காது. மெல்போர்ன், அடிலெய்டு பக்கம் தண்ணீரில் ஓடும் குளிர்விப்பான் உள்ள வீடுகளில் இன்னும் மோசம். ஓவனிலிருந்தும் பாத்திரங்களிலிருந்தும் கிளம்பும் ஆவி காற்றின் ஈரத்தைக் கூட்டிவிடும். அந்தக் குளிர்விப்பான் ஈரக் காற்றில் சரியாக வேலை செய்யாது. சூட்டை வீட்டுக்கு வெளியே கொண்டுபோவதுதான் இந்த ஊர்க் கிறிஸ்துமஸின் பாதி வேலை. இந்தப் பார்பிக்யூவை அந்தக் கண்ணோடுதான் மதிப்பிடுகிறோம்.

கரி அடுப்பின் ருசி தெரிந்தவர்கள் வெபரின் கெட்டில் என்கிற உருண்டைக் கரி பார்பிக்யூவைத்தான் கேட்பார்கள். நல்ல சாமான், சந்தேகமில்லை. ஆனால் கடும் வெயிலும் காற்றும் சேரும் நாளில் இங்கே முழுத் தீத்தடை அறிவிப்பார்கள். அன்று கரி, விறகு எதுவும் மூட்டக்கூடாது, சொந்த வீட்டு முற்றத்தில்கூட. கேஸுக்கும் மின்சார பார்பிக்யூவுக்கும் நிபந்தனையோடு அனுமதி உண்டு. விக்டோரியாவில் சுற்றிலும் 3 மீட்டருக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. தண்ணீர்க் குழாயில் மாட்டிய ஹோஸோ குறைந்தது 10 லிட்டர் தண்ணீரோ பக்கத்தில் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கடைசிவரை அங்கேயே நிற்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் அடுப்பு வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால் 24ஆம் தேதி சாயங்காலமே உங்கள் மாநிலத் தீயணைப்புத் துறையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். பண்டிகைச் சாப்பாட்டைக் கரியை நம்பித் திட்டமிட்டால், தடை வருகிற நாளில் கையில் பச்சைக் கறியோடு நிற்க வேண்டிவரும். கேஸை நாங்கள் தேர்ந்தெடுத்த முதல் காரணம் இதுதான். ருசி இரண்டாவது.

அளவைப் பார்ப்போம். கியூ 2000 வரிசையின் கிரில் 54 செ.மீ. நீளம், 39 செ.மீ. அகலம். சின்ன 1000 வரிசை 43க்கு 32; இரண்டு பேருக்கும் பூங்கா பிக்னிக்குக்கும் போதும், கிறிஸ்துமஸ் ஹாமுக்கு, அதாவது பதப்படுத்திய பன்றித் தொடைக் கறிக்கு, போதாது. 3000 வரிசை 63க்கு 45. கடையில் நின்று யோசிப்பவர்கள் நீள அகலத்தையே பார்க்கிறார்கள். ரோஸ்ட்டுக்கு முக்கியம் உயரம். இறைச்சிக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி இல்லையென்றால் சூடான காற்று மேலே சுற்றாது; மேல்பக்கம் கருகி நடு பச்சையாக இருக்கும். எலும்போடு நான்கைந்து கிலோ அரைத் தொடை ஹாம் 2000 வரிசையின் உயர மூடிக்குள் வசதியாக உட்காரும். எட்டு, பத்து கிலோ முழுத் தொடை உட்காராது. அதற்கு 3000 வேண்டும், அதிலும் கால் எலும்பின் நீளத்தை டேப் வைத்து அளந்துவிட்டே வாங்க வேண்டும். மூடி அரை அங்குலம் திறந்து நின்றாலும் அது ரோஸ்ட் ஆகாது.

பெட்டியில் வருவது அடுப்பும் கிரில்லும் ரெகுலேட்டரோடு கூடிய ஹோஸும் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கவைக்கும் ட்ராலி, ரோஸ்ட் தாங்கி, அதற்குக் கீழே போடும் வெப்பத் தடுப்புத் தட்டு எல்லாம் பெரும்பாலும் தனி விலை. இவற்றில் தாங்கியையும் தட்டையும் விட்டுவிடக்கூடாது. கியூவின் பர்னர் கிரில்லுக்கு நேர் கீழே இருக்கிறது. தட்டு இல்லாமல் இறைச்சியை வைத்தால் அடிப்பக்கம் நேர்த் தீயில் வேகும். தட்டு நடுவே நின்று தீயை மறைத்து, சூட்டை ஓரங்கள் வழியாக மேலே அனுப்புகிறது. மசாலா தடவிய கோழியை நேராகக் கிரில்லில் வைப்பவர்களுக்கும் இதையே சொல்வோம்: மிளகாய்த்தூளும் தயிரும் நேர்த் தீயில் பத்து நிமிஷத்தில் கருகிக் கசந்துவிடும். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியும் ஒன்று வாங்குங்கள். மூடியில் உள்ளது காற்றின் சூட்டைத்தான் காட்டும், கறியின் சூட்டை அல்ல. உச்சி வெயில் மூடிமேல் விழுந்தால் அதன் முள்ளும் கொஞ்சம் ஏறியே நிற்கும்.

இனி ஹாம். இந்த ஊர்க் கிறிஸ்துமஸ் மேஜையின் நாயகன் வான்கோழி அல்ல, ஹாம்தான். கடையில் விற்கும் தொடை ஹாம் ஏற்கனவே புகைபோட்டு வெந்தது. நாம் செய்வது சூடாக்கி, மேலே இனிப்புப் பூச்சு ஏற்றுவது மட்டும். ஆறவைத்துச் சாப்பிட்டாலும் ருசி குறையாது என்பதால் வெயில் நாளுக்கு இதைவிடப் பொருத்தமான கறி இல்லை.

ஐந்து கிலோ அரைத் தொடைக்கு முறை இது. தட்டும் தாங்கியும் உள்ளே இருக்க, மூடியைப் போட்டுப் பத்து நிமிஷம் முழுத் தீயில் சூடாக்குங்கள். பிறகு தீயைக் குறைத்து முள்ளை 160க்கும் 180க்கும் நடுவே நிறுத்துங்கள். நாற்பது டிகிரி வெயிலில் மிகக் குறைந்த தீயிலும் உள்சூடு நினைத்ததைவிட மேலேயே நிற்கும். அதனால் அடுப்பை நிழலில் வையுங்கள், ஆனால் துணிப் பந்தலுக்கோ தாழ்ந்த கூரைக்கோ அடியில் வேண்டாம். ஹாமைத் தோலோடு ஒரு கால் மணி நேரம் உள்ளே வைத்து எடுத்தால் தோலுக்கு அடியில் கொழுப்பு இளகியிருக்கும். கணுக்காலைச் சுற்றிக் கத்தியால் ஒரு கோடு போட்டு, அகலமான முனையில் கட்டைவிரலை உள்ளே விட்டு மெல்ல நகர்த்துங்கள். தோல் ஒரே விரிப்பாகக் கழன்று வரும், வெள்ளைக் கொழுப்பு கிழியாமல் அடியிலேயே நிற்கும். குளிர்ந்த ஹாமில் இதைச் செய்தால் கொழுப்பும் தோலோடு பிய்ந்துவிடும், பூச்சுக்குப் பிடிமானம் இருக்காது. உரித்த தோலைத் தூக்கிப்போடாதீர்கள், மிச்ச ஹாமை மூடிவைக்க அதுதான் நல்ல மூடி.

கொழுப்பின் மேல் இரண்டு செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். ஆழம் அரை செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. கறிவரை கீறினால் வேகும்போது கொழுப்பு விரிந்து சில்லுச் சில்லாகக் கழன்றுவிடும். கணு எலும்பைக் கருகாமலிருக்க ஃபாயிலில் சுற்றுங்கள். ஹாமை ஒரு ஃபாயில் ட்ரேயில் வைத்து, ட்ரேயில் இரண்டு கப் தண்ணீர் ஊற்றித் தாங்கியின் மேல் ஏற்றுங்கள். இந்தத் தண்ணீரை யாரும் தவிர்க்க வேண்டாம். வழிகிற சர்க்கரைப் பாகும் உருகுகிற கொழுப்பும் ட்ரேயிலேயே விழுந்து தங்கும். இல்லாவிட்டால் பர்னரில் விழுந்து தீப்பிடிக்கும்.

பூச்சுக்கு இந்தப் பருவத்தில் மாம்பழத்தை மிஞ்சியது கிடையாது. டிசம்பரில் கென்சிங்டன் பிரைடு மாம்பழம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அரை கப் மாம்பழக் கூழ், ஒரு கப் பழுப்புச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி டிஜான் கடுகு விழுது, இரண்டு மேசைக்கரண்டி வினிகர். கொஞ்சம் கெட்டியாகும்வரை காய்ச்சினால் போதும். மொத்தச் சமையல் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி. பூச்சைக் கடைசி அரை மணி நேரத்தில்தான், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை தடவ வேண்டும். முதலிலேயே பூசிவிட்டு ஒன்றரை மணி நேரம் விட்டால் சர்க்கரை கருத்துக் கசந்துவிடும். பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். நடுவில் திறந்து திறந்து பார்ப்பது அடுத்தது. ஒவ்வொரு தடவை மூடியைத் தூக்கும்போதும் உள்சூடு இறங்கி, திரும்ப ஏறப் பல நிமிஷம் பிடிக்கும். தடவத் திறக்கும் மூன்று தடவை போதும். ட்ரேயில் தண்ணீர் வற்றினால் அதே சமயத்தில் ஊற்றிக்கொள்ளலாம்.

வான்கோழியை விட மனமில்லாதவர்களுக்கு: முழுப் பறவையை மறந்துவிடுங்கள். எலும்போடு மார்புப் பகுதியை மட்டும் இங்கே டர்க்கி பஃபே என்று விற்கிறார்கள், சுருட்டிக் கட்டிய மார்புக் கறியும் கிடைக்கும். இரண்டு கிலோ சுருள் 180 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். மிகத் தடித்த இடத்தில் வெப்பமானி 75 டிகிரி காட்டினால் வெந்தது. எடுத்து இருபது நிமிஷம் மூடிவையுங்கள். உறைந்ததை வாங்கினால் ஃபிரிட்ஜுக்குள்ளேயே இளக வேண்டும், இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் கணக்கு. இந்த வெயிலில் சமையல் மேடையில் வைத்து இளக்கினால் வெளிப்பக்கம் கெட்டுப்போகும், உள்ளே இன்னும் கட்டியாகவே இருக்கும்.

இறாலுக்குக் கிரில்லின் பாதியை எடுத்துவிட்டுத் தட்டையான ஹாட்பிளேட் போடலாம், அது கியூவுக்குத் தனியாகக் கிடைக்கிறது. பத்து நிமிஷம் சூடாக்கிவிட்டு, ஓட்டோடு பெரிய இறால் என்றால் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம். ஓட்டோடு வாங்கும் இறாலில் ஏறக்குறைய பாதி எடை கழிவு என்பதை மனத்தில் வைத்து வாங்குங்கள். வெந்த இறால் வாங்குபவர்களுக்கு அடுப்பே வேண்டாம், ஐஸ் போதும்.

இனி கேஸ். சிலிண்டர் இணைப்பில் இரண்டு வகை இப்போது புழக்கத்தில் இருக்கிறது. பழையது இடப்பக்கம் திருகும் பித்தளை மரை. புதியது கருப்புக் கைப்பிடி வைத்துக் கையாலேயே முடுக்குவது. 2021க்குப் பிறகு படிப்படியாக வந்தது. உங்கள் ஹோஸ் ஒரு வகை, சிலிண்டர் மறு வகை என்றால் அடாப்டர் வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று பெரிய கடைகள் எல்லாம் மூடியிருக்கும் என்பதால் டிசம்பர் பதினைந்துக்குள் மாட்டிப் பார்த்துவிடுங்கள். மாட்டியதும் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் சரிபாதி கலந்து இணைப்பில் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. மூடிவிட்டு வாஷரைப் பாருங்கள். சிலிண்டர் கழுத்தில் சோதனைத் தேதி பொறித்திருக்கும். பத்து வருஷம் கடந்ததை நிரப்பித் தர மாட்டார்கள், சிலிண்டர் மாற்றித் தரும் கடைக் கூண்டில் கொடுத்துவிட்டு வேறு வாங்குவதே சுலபம். அதே கழுத்தில் காலிச் சிலிண்டரின் எடையும் இருக்கும். குளியலறைத் தராசில் நிறுத்தி அதைக் கழித்தால் உள்ளே எத்தனை கிலோ மிச்சம் என்று தெரிந்துவிடும். ஒரு முழு 9 கிலோ சிலிண்டர் 2000 வரிசையில் முழுத் தீயிலேயே முப்பது மணி நேரத்துக்கு மேல் வரும். இரண்டு கிலோ கையிலிருந்தால் ஹாமுக்கும் இறாலுக்கும் கவலையே இல்லை.

தீ ஏறவில்லை, முள் 120, 130லேயே நிற்கிறது என்ற புகார் அடிக்கடி கேட்கிறது. பல வேளை அடுப்பில் கோளாறு இருக்காது. பர்னர் திருகு திறந்திருக்கும்போதே சிலிண்டரைச் சட்டென்று திறந்தால் கேஸ் பாய்ந்து வருவதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு பாதுகாப்பு வால்வு ஓட்டத்தைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, ஹோஸைக் கழற்றி, ஒரு நிமிஷம் விட்டு மாட்டுங்கள். பர்னர் மூடியிருக்க, சிலிண்டரை மெதுவாகத் திறந்து, மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பற்றவையுங்கள். அதற்கும் சரியாகாமல் சுவாலை மஞ்சளாக அலைந்தால் பர்னர் குழாயைப் பாருங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த அடுப்பின் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டிவிடும், காற்று போகும் வழி அடைபடும். மெல்லிய பிரஷ் ஒன்று இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

காற்றுதான் கியூவின் உண்மையான பலவீனம். பெர்த்தில் வெயில் நாள்களில் மதியத்துக்கு மேல் ஃப்ரீமாண்டில் டாக்டர் என்கிற கடல்காற்று ஏறும். சிட்னியில் தெற்கிலிருந்து திடீரென்று பலத்த காற்று திரும்பும். அடுப்பின் பின்பக்கத்து இடைவெளி வழியாகக் காற்று புகுந்தால் சுவாலை அணையும், மூடி போட்டிருப்பதால் அணைந்தது தெரியாது, கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், சுவரிலிருந்து 60 செ.மீ.யாவது தள்ளி. முள் இறங்க ஆரம்பித்தால் உடனே மூடியைத் திறந்து பாருங்கள். அணைந்திருந்தால் கேஸை மூடி ஐந்து நிமிஷம் விட்ட பிறகே மறுபடி பற்றவைக்க வேண்டும். மெல்போர்னில் வானம் இன்னும் நம்ப முடியாதது. 2011இல் கிறிஸ்துமஸ் அன்றே ஆலங்கட்டி மழை பெரும் சேதம் செய்தது.

இதனால்தான் காலைச் சமையலை இவ்வளவு வலியுறுத்துகிறோம். ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் எட்டுக்குள் ஹாம் தயார், திருப்பலிக்கும் ஆராதனைக்கும் நேரம் இருக்கும். ஹாமை நறுக்கிக் குளிரவைத்து மதியம் பரிமாறலாம். சூடாகவே வேண்டும் என்பவர்கள் சாயங்காலத்துக்கு நகர்த்தலாம். மெல்போர்னில் சூரியன் மறையவே எட்டரை மணி தாண்டிவிடும். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் அடுப்பருகே நிற்பது யாருக்கும் நல்லதல்ல.

வெளியே எடுத்த சாப்பாட்டுக்கு இங்கே இரண்டு மணி, நான்கு மணிக் கணக்கு சொல்வார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்குள் இருந்ததைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கலாம். இரண்டிலிருந்து நான்கு என்றால் அப்போதே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். நான்கைத் தாண்டினால் குப்பை. முற்றத்தில் நாற்பது டிகிரியில் இதையும் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக இறாலுக்கும் மயோனைஸ் சேர்ந்த சாலட்டுக்கும். குடிபானம் எல்லாவற்றையும் எஸ்கி என்கிற குளிர்பெட்டியில் ஐஸ் போட்டு வெளியே அனுப்பிவிட்டால் ஃபிரிட்ஜ் முழுவதும் சாப்பாட்டுக்குக் கிடைக்கும், கதவும் அடிக்கடி திறக்காது. கராஜில் உள்ள இரண்டாவது ஃபிரிட்ஜை நம்பி ஹாமை வைக்காதீர்கள். மூடிய கராஜின் சூட்டில் பல ஃபிரிட்ஜ்கள் 5 டிகிரிக்குக் கீழே இறங்கத் திணறும். மிச்ச ஹாமை பிளாஸ்டிக்கில் அடைக்காமல், நான்கு கப் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து நனைத்துப் பிழிந்த துணிப் பையில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பையை அலசி அதேபோல் நனைத்தால் ஹாம் காயாது.

சுத்தம் செய்வதில் கியூ நியாயமான சாமான். உடல் வார்ப்பு அலுமினியம் என்பதால் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றிலும் துருப்பிடிக்காது. கிரில் வார்ப்பிரும்பு, பீங்கான் பூச்சு அடிபட்ட இடத்தில் துரு ஏறும், சூடு ஆறுவதற்குள் தேய்த்து மெல்லிய எண்ணெய் தடவிவிடுங்கள். ஓவன் கிளீனரை அலுமினியத்தின் மேல் அடிக்கக்கூடாது, காரம் அரித்துவிடும். அடியில் உள்ள ஃபாயில் தட்டையும் அடுப்பின் உட்கிண்ணத்தில் படிந்த கொழுப்பையும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கட்டாயம் சுரண்டி எடுங்கள். பல வாரக் கொழுப்பின் மேல் ஒன்றரை மணி நேர ரோஸ்ட் ஏற்றினால் கிண்ணமே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேஸை மூடி, மூடியையும் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

யாருக்கு வேண்டாம்? அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் கேஸ் சிலிண்டர் வைக்கக் கட்டட விதி இடம் தருகிறதா என்று கேட்டுவிட்டே கடைக்குப் போகவும். இடம் தராவிட்டால் மின்சார மாடலைப் பாருங்கள், அல்லது வெந்த ஹாமைக் குளிர்ச்சியாகவே பரிமாறிவிட்டு இறாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பல வீடுகளிலும் அதுதான் வழக்கம். பதினைந்து இருபது பேர் கூடும் வீட்டுக்கு 2000 போதாது, 3000 எடுங்கள். மற்றவர்கள் தாங்கி, தட்டு, ட்ராலி விலையையும் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகை கையிலிருந்தால் தயங்காமல் வாங்கலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் தாங்கியும் தட்டும் கடையில் தீர்ந்துபோகும் என்பதால் அடுப்போடு சேர்த்தே அவற்றையும் எடுத்துவிடுங்கள்.